கூத்தலூரணி விலக்கில் பஸ் நிற்கும்

ஜூன் 9, திங்கள்

இது போன வருடத்து டைரி. நான் வேலை பார்க்கிற கிட்டங்கியின் முதலாளி தாமதமாகத்தான் எல்லோருக்கும் கொடுத்தார். அதனால் கிழமை பொருந்தாது. இந்தப் பக்கத்தில் ஞாயிறு என்று அச்சடித்திருக்கிறது. நிஜமாகவே ஞாயிறாக இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

இன்றும் பஸ் நிற்கவில்லை.

எங்கள் ஊருக்குள் பஸ் வராது. வண்டிப்பாதையில் நடந்து மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். அந்த இடத்துக்குக் கூத்தலூரணி விலக்கு என்று பெயர். ஒரு புளியமரமும் கூரை போன நிழற்குடையும் இருக்கின்றன. காலை ஏழரைக்கு டவுன் பஸ். முகப்பில் ரோஸ் பெயிண்ட் அடித்திருப்பார்கள். பெண்களுக்குக் காசு கிடையாது என்று அரசாங்கம் விட்ட பஸ். அதை விட்டால் பதினொன்றுக்குத்தான் அடுத்தது.

நாங்கள் எட்டுப் பெண்கள் டவுனில் மிளகாய் சேர்த்து வைக்கிற வத்தல் கிட்டங்கிக்குப் போகிறோம். மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுவது வேலை. எட்டரைக்கு மூட்டை பிரித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். பிந்தினால் மூட்டை கிடையாது. மூட்டை இல்லையென்றால் கூலி கிடையாது.

பஸ் தூரத்தில் வரும்போதே எல்லோரும் கை காட்டினோம். டிரைவர் எங்களைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், ஆனாலும் பார்த்தார் என்று தெரிந்தது. ரோட்டின் அந்தப் பக்கமாக வண்டியை ஒடித்துப் போய்விட்டார். முக்கால்வாசி சீட் காலி.

சண்முகத்தாய் பெரியம்மா மண்ணை அள்ளி பஸ் போன திசையில் வீசினாள். "ஓசியில ஏத்துறதுக்கு ஒனக்கு வலிக்குதோ? ஒங்கப்பன் வீட்டு வண்டியாடா?" என்றாள். மண் எங்கள் தலையிலேயே விழுந்தது.

ஷேர் ஆட்டோவில் போனால் பாதிக் கூலி அதற்கே போய்விடும். திரும்பி வந்துவிட்டோம்.

ஜூன் 10, செவ்வாய்

நிற்கவில்லை. ஆட்டை மேய்க்கப் பத்திக்கொண்டு போனேன்.

ஜூன் 11, புதன்

ஆட்டோவில் போனோம். கிட்டங்கி மேஸ்திரி கேட்டில் நின்றுகொண்டு, "இந்த மாசம் எத்தன நாளு இப்பிடி? இனியும் பிந்துனா கூத்தலூரணி ஆளுகளே வேணாம்னு மொதலாளி சொல்லிட்டாரு. உள்ளூர்லயே ஆளு இருக்கு" என்றார்.

பெரியம்மா, "பஸ்ஸு நிக்கலைய்யா, நாங்க என்ன செய்ய?" என்றாள்.

"அத டிரைவர்ட்ட கேளு."

 யாராவது சத்தமாகப் பேசினால் நான் நகர்ந்துவிடுவேன். அம்மா உட்கார்ந்த இடத்தில், அதே தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வத்தல் நெடியில் அம்மாவுக்கு நெஞ்சு இழுப்பு வந்துவிட்டது. அதனால்தான் நான் வருகிறேன். எப்படியும் எனக்குப் படிப்பு ஏறவில்லை. பத்தாவதில் கணக்கில் போய்விட்டது. பிறகு வீட்டில் சும்மா இருந்து என்ன செய்ய?

சாயங்காலம் பக்கத்து வீட்டு இந்துமதி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்தாவதில் அவளுக்கும் கணக்கு போய்விட்டது. ஜூலையில் மறுபடி எழுதுகிறாள். வட்டத்துக்குத் தொடுகோடு வரையச் சொல்லித்தந்தேன். "ஒனக்கு இம்புட்டு நல்லா வருதே, அப்பறம் எப்பிடிக்கா பெயிலான?" என்று கேட்டாள். காம்பசை ஒழுங்காகப் பிடிக்கச் சொன்னேன்.

ஜூன் 13, வெள்ளி

இன்று நின்றது!

காரணம் நாங்கள் இல்லை. ஆடு வாங்க வந்த வியாபாரி ஒருவர் எங்களோடு நின்றுகொண்டிருந்தார். அவர் கை கூடக் காட்டவில்லை. பீடியைக் கீழே போட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார். பஸ் வந்து அவர் காலடியில் நின்றது. நாங்கள் பின்னாலேயே ஏறிக்கொண்டோம்.

கண்டக்டர் அவருக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. பெண்களுக்கும் டிக்கெட் உண்டு. ரூபாய் போடுகிற இடத்தில் சைபர் போட்டிருக்கும். பாக்கியமேரி மதினி கேட்கலாமா என்று பார்த்தாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். "சும்மா போறதுக்குச் சீட்டு ஒரு கேடா? அந்தாளு வாயக் கெளறாத. மானத்தோட எறங்குவோம்."

நாங்கள் எப்போதுமே அந்தச் சீட்டைக் கேட்டதில்லை.

மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு மதினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஆம்பள ஒருத்தன் நின்னா பஸ்ஸு நிக்குது. எட்டுப் பொம்பள நின்னா போயிருது. அப்ப ஒரு ஆம்பளைக்கு எத்தன பொம்பள?"

"எங்கிட்ட ஒண்ணு கெடக்கு" என்றாள் பெரியம்மா. "வீட்டுல சும்மாதான் படுத்திருக்கு."

ஜூன் 16, திங்கள்

பெரியம்மா தன் புருஷன் கோட்டைச்சாமி பெரியப்பாவை விலக்குக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். அவர் வெள்ளை வேட்டி கட்டி நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். கல்யாணத்துக்குப் போவதுபோல இருந்தது. நாங்கள் எட்டுப் பேரும் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். பஸ் வந்து அவர் முன்னால் நின்றது. நாங்கள் ஓடிப்போய் ஏறினோம். அவர் ஏறவில்லை.

கண்டக்டர், "யோவ், ஏறலையா?" என்றார்.

"நான் சும்மா காத்து வாங்க வந்தேன்" என்றார் பெரியப்பா.

பஸ்ஸில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு.

ஜூன் 18, புதன்

மூன்றாவது நாளாக நின்றது. பெரியப்பா காலை டீயும் ஒரு வடையும் கூலியாகக் கேட்டிருந்தார். இன்று இரண்டு வடை கேட்டார்.

"ஏன்யா, முந்தாநேத்து ஒண்ணுதான கேட்ட?"

"பருப்பு வெல ஏறிருச்சு, எண்ணெ வெல ஏறிருச்சு, சிலிண்டர் வெல ஏறிருச்சு. ஆம்பள வெல மட்டும் ஏறக் கூடாதா?"

பெரியம்மா அவருக்கு வடை வாங்கிக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் பார்த்த பார்வையில் எனக்கென்றால் தொண்டையில் இறங்கியிருக்காது. அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

ரேஷனில் பருப்பு இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு அரசாங்கம் மாதாமாதம் போடுகிற பணம் வந்திருக்கிறது. அம்மா பாங்கிலிருந்து வந்த மெசேஜை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். பிறகு இன்னொரு முறை படிக்கச் சொல்வாள். அவள் பேருக்கு என்று வருவது அது ஒன்றுதான்.

ஜூன் 20, வெள்ளி

பெரியப்பாவை டிரைவர் அடையாளம் வைத்துக்கொண்டார். வேகத்தைக் குறைப்பதுபோலக் குறைத்து, அவர் முகத்தைப் பார்த்ததும் அழுத்திப் போய்விட்டார். ஜன்னல் வழியாகக் கண்டக்டர், "காத்து நல்லா வருதாய்யா?" என்று கத்தினார்.

பெரியப்பா வடைக் காசைத் திருப்பித் தரவில்லை.

ஊரில் வேறு ஆண்கள் யாரும் வர மாட்டேன் என்றுவிட்டார்கள். பொம்பளைகளுக்காக நின்றால் கேலி செய்வார்களாம். மதினி என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். நான்தான் எட்டுப் பேரில் உயரம். தட்டையும் கூட.

"நம்ம முனீசுக்கு ஒரு சட்டையும் லுங்கியும் மாட்டிவிட்டா என்ன?"

நான் முடியாது என்று தலையாட்டினேன். யாரும் என் தலையைக் கவனிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சட்டை லுங்கி விஷயத்தை அம்மாவிடம் சொன்னால் திட்டுவாள், அதோடு விட்டது என்று நினைத்து அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை.  டிரங்குப் பெட்டியைத் திறந்து அப்பாவின் நீலக்கட்டம் போட்ட சட்டையை எடுத்தாள். தேய்த்து மடித்து, நடுவில் பாச்சா உருண்டை வைத்திருந்தாள்.

அப்பா திருப்பூரில் இருக்கிறார். வேலை அதிகம் என்பதால் வர முடிவதில்லை. மூன்று பொங்கலுக்கு வரவில்லை. போன் நம்பரை மாற்றிவிட்டார், புது நம்பரைச் சொல்ல மறந்திருப்பார்.

"போட்டுப் பாரு" என்றாள் அம்மா.

போட்டேன். தோள் சரியாக இருந்தது. அம்மா பொத்தான்களைப் போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே, "அந்தாள விட ஒனக்கு நல்லா இருக்கு" என்றாள்.

பெரியம்மா வந்து லுங்கி கட்டச் சொல்லித்தந்தாள். "மடிச்சுக் கட்டுடி. ஆங்... கால அகட்டி நில்லு. ஆம்பள கை காட்ட மாட்டான், தெரியுமா? கெஞ்சுறவதான் கையாட்டுவா. அவன் சும்மா பாப்பான். அவ்வளவுதான். பஸ்ஸு தன்னால நிக்கும்."

ஜூன் 23, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சடையை மேலே சுருட்டி, அதன்மேல் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டினார்கள். மற்றவர்கள் மரத்துக்குப் பின்னால் போனார்கள். நான் ரோட்டோரமாகத் தனியாக நின்றேன். கல் லாரிக்காரர் ஒருவர் கடந்து போனார். வழக்கமாக ஹாரனை அடித்துவிட்டு எதையாவது சொல்லிவிட்டுப் போவார். இன்று அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அது எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை.

பஸ் வந்தது. நான் பார்த்தேன். நின்றது.

"ஏறுப்பா, சீக்கிரம்" என்றார் கண்டக்டர். எல்லோரும் ஏறினோம். நான் பின்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா எனக்காகக் காசு கொடுத்து டிக்கெட் வாங்குவதாகப் பேச்சு. ஒருத்தி டிக்கெட்டில் எட்டுப் பேர் போய்விடலாம்.

ஆனால் தலையில் கட்டிய துண்டு கிட்டங்கித் துண்டு. பெரியம்மா வருடக்கணக்காக மூக்கில் கட்டி வேலை பார்த்த துண்டு. எத்தனை முறை அலசினாலும் அதில் இருக்கிற வத்தல் நெடி போகாது. எங்களுக்கு அது பழகிப்போனதால் யாருக்கும் நினைவு வரவில்லை. ஜன்னல் காற்று அடித்ததும் முதலில் கண்டக்டர் தும்மினார். அடுத்துக் காலேஜ் பையன்கள் தும்மினார்கள். ஒரு கைக்குழந்தை வீரிட்டது. பிறகு அந்தக் காரம் வியர்வையில் கரைந்து என் கண்ணுக்குள் இறங்கியது. நான் தும்மிய தும்மலில் தலைப்பாகை அவிழ்ந்து சடை இடுப்பு வரைக்கும் விழுந்தது.

கண்டக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அடிப்பாவி. ஓசியில போறதுக்கு இந்த வேசமா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. காலேஜ் பையன் ஒருவன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். "தம்பி, இங்கிட்டு பாரு" என்றான்.

பெரியம்மா சண்டை போட்டாள். என்ன பேசினாள் என்று காதில் விழவில்லை. நான் கீழே பார்த்துக்கொண்டே போனேன். அப்பாவின் சட்டையில் கடைசிப் பொத்தான் அறுந்து போயிருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

போகவில்லை.

ஜூன் 25, புதன்

போகவில்லை. அந்தப் படம் எல்லோர் போனிலும் வந்துவிட்டது. டீக்கடையில் நின்ற பையன்கள், "தம்பி, ஒரு பீடி வேணுமா?" என்றார்கள். அம்மா கையில் கிடைத்த விளக்குமாற்றோடு அவர்களை நோக்கிப் போனாள். பாதி வழியில் இழுப்பு வந்து உட்கார்ந்துவிட்டாள். நான்தான் கூட்டி வந்தேன். அவளால் பேச முடியவில்லை, ஆனால் விளக்குமாற்றைக் கீழே போடவில்லை.

இந்துமதி படத்தைப் பார்த்தாளாம். "நீ நின்ன நிலையப் பாத்தா நெசமான ஆம்பள மாதிரியே இருந்துச்சுக்கா" என்றாள். பாராட்டுகிறாளா என்று தெரியவில்லை. இருபடிச் சமன்பாட்டில் பத்துக் கணக்கு போடச் சொன்னேன்.

ஜூன் 26, வியாழன்

மற்ற ஏழு பேரும் நடந்து, எங்கள் விலக்குக்கு முந்தின பெரிய ஊர் ஸ்டாப்புக்குப் போய் ஏறினார்களாம். அதற்கு விடியும் முன்னே, அம்மாவுக்குக் காபி போடாமல் கிளம்ப வேண்டும். நாளையிலிருந்து நானும் போகிறேன். மேஸ்திரி என் மூட்டையை உள்ளூர்க்காரி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார். நான் வந்தால் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு முறைதான் தருவாராம்.

ஜூன் 28, சனி

பஞ்சாயத்து ஆபீசில் குறை கேட்கிற முகாம். பஸ் டிப்போவிலிருந்தும் ஓர் அதிகாரி வந்திருந்தார். நாங்கள் போனோம். பேசப் பெரியம்மா, எழுதிக் கொடுக்க நான் என்று முடிவு. மனுவை நான்தான் எழுதினேன். கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று அதிகாரியே சொன்னார்.

படித்துவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, களைப்பான சிரிப்பு. "ஏம்மா, ஃப்ரீயா விட்டாச்சு. அதுலயும் குறையா?"

"ஃப்ரீதான்யா. நின்னாத்தான ஃப்ரீ?" என்றாள் பெரியம்மா.

அவர் போனில் எதையோ தட்டிப் பார்த்தார். "கூத்தலூரணி விலக்கு... இங்க இருந்து இந்த வருசமே பொம்பளைங்க யாரும் ஏறல. ஒரு டிக்கெட் கூட விழல."

"நாங்க ஏறியிருக்கோம்யா! எத்தன தரம்!"

"சீட்டு வாங்குனீங்களா?"

மதினி பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க வாங்குற ஒவ்வொரு ஜீரோ டிக்கெட்டுக்கும் கவர்மெண்டு எங்களுக்குப் பணம் தருதும்மா. சீட்டு இல்லைன்னா நீங்க ஏறவே இல்லைன்னுதான் அர்த்தம். ஆளே ஏறாத ஸ்டாப்பிங் எதுக்குன்னு அத எடுக்குறதா பேச்சு நடக்குது. இந்த மாசக் கடைசி, இல்ல ஜூலைல முடிவாயிரும்."

"அப்ப நாங்க என்ன ஆவிகளா?" என்று மதினி கேட்டாள். அவர் அடுத்த மனுவை எடுத்துவிட்டார்.

எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. நிற்காத பஸ்ஸில் எப்படிச் சீட்டு வாங்குவது என்று கேட்க வேண்டும். நாக்கு வரைக்கும் வந்தது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். நான் நகர்ந்துவிட்டேன்.

வருகிற வழியில் பெரியம்மா ஊர் எல்லையில் நின்று, "மானம் மானம்னு நான்தாண்டி கெடுத்தேன்" என்றாள். அவளை அப்படிப் பார்த்ததில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

பெரிய ஊர் வரைக்கும் நடை. பஸ் எங்கள் விலக்கைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புளியமரம் மட்டும் நின்றது.

ஜூலை 4, வெள்ளி

திங்கட்கிழமை இந்துமதிக்குக் கணக்குப் பரீட்சை. காலில் ஆணி குத்திக் கட்டுப் போட்டிருக்கிறாள். பெரிய ஊர் வரைக்கும் நடக்க முடியாது. அவள் அப்பா லோடு ஏற்றப் போய்விட்டார். வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். "பாக்கலாம்" என்றார்களாம்.

"விலக்குல நின்னா பஸ்ஸு நிக்கும்ல அக்கா? ஹால் டிக்கெட்டக் காட்டுனா நிப்பாட்டுவாங்கள்ல?"

 ஹால் டிக்கெட்டை பிளாஸ்டிக் கவரில் போடச் சொன்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். "என்ன யோசன?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒனக்கு ஒண்ணுமில்லைன்னா நெறைய இருக்குன்னு அர்த்தம். தூங்கு."

ஜூலை 7, திங்கள்

எட்டுப் பேரும் இன்று விலக்குக்கே வந்தோம். நான் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்றால், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றேன். அவர்களே புரிந்துகொண்டார்கள். இந்துமதி யூனிபார்மோடு, மதினியின் தோளைப் பிடித்து நொண்டி வந்தாள்.

"சட்டை எங்கடி?" என்றாள் பெரியம்மா.

"கொண்டாரல."

"பின்ன எப்பிடிடி நிக்கும்?"

மில் திருப்பத்தில் பஸ்ஸின் ரோஸ் முகம் தெரிந்தது. எல்லோரும் கையைத் தூக்கினார்கள். இந்துமதி ஹால் டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்தாள். நான் ரோட்டில் இறங்கி நடந்தேன். நடுவில் வெள்ளைக்கோடு போட்டிருக்கும் இடம் வரைக்கும் போய்த் திரும்பி நின்றேன். பச்சைச் சுடிதார், துப்பட்டா, சடை. நான் நானாகத்தான் நின்றேன். கை காட்டவில்லை. பார்த்தேன்.

ஹாரன் அடித்தார். விடாமல் அடித்தார். பின்னால் மதினி "ஏ முனீசு, வந்துருடி!" என்று அலறியது கேட்டது. என் கால் ஓடிவிடும் என்று பயந்தேன். அதனால் செருப்புக்குள் விரல்களை மடக்கிக்கொண்டேன். பிரேக் சத்தத்தோடு சூடும் தூசியும் என் முகத்தில் அடித்தன. கண்ணைத் திறந்தபோது பம்பர் முழங்காலுக்கு முன்னால் இருந்தது. கண்ணை எப்போது மூடினேன் என்று தெரியவில்லை. டிரைவர் அதைப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அவர் தலையை வெளியே நீட்டினார். "சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுச்சா? நகரு!"

நான் நகரவில்லை. "எல்லாரும் ஏறட்டும்" என்றேன். அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"நகருன்னு சொல்றேன்ல!"

"பரீட்சைக்குப் போற புள்ள கால்ல அடி. மெதுவாத்தான் ஏறும். பெரியம்மா, எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு ஆத்தா! நீ வா!"

பஸ்ஸின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே படி வரைக்கும் நடந்தேன். கையை எடுத்தால் கிளம்பிவிடுவார் என்று தோன்றியது. கடைசி ஆளாக ஏறினேன்.

கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அட, இன்னைக்குப் பொம்பளையா வந்திருக்க?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.  கையை நீட்டினேன்.

"டிக்கெட் குடுங்க."

"ஓசிக்கு எதுக்கு டிக்கெட்டு? போய் உக்காரு."

"கூத்தலூரணி விலக்குல ஒம்போது பேரு ஏறியிருக்கோம். ஒம்போது டிக்கெட்."

"மிசின்ல பேப்பர் இல்ல."

அவருக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் தன் சீட்டை உயர்த்திக் காட்டினார். "இப்பத்தானய்யா எனக்குக் கிழிச்ச? அதுக்குள்ளயா தீந்துபோச்சு?"

"வசூலுக்குத்தான் பேட்டா. உங்கள ஏத்தி எறக்குனா எனக்கு என்ன வருது?" என்று கண்டக்டர் எங்கள் எல்லோரையும் பார்த்துக் கத்தினார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அவருக்கும் வீட்டில் சிலிண்டர் தீரும், பருப்பு தீரும். அது எனக்குப் புரிந்தது. ஆனாலும் கையை மடக்கவில்லை.

பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏ தம்பி, குடுத்துரு. நாங்க ஏறுனோம்னு இருக்கணும். இல்லைன்னா இவ மறுபடி எறங்கி முன்னால போய் நின்னுருவா. ஒனக்குத்தான் நேரம் போகும்."

முன்னாலிருந்து டிரைவரின் குரல் வந்தது. "கிழிச்சுக் குடுத்துத் தொலைய்யா. நான் இன்னொரு தரம் பிரேக் அடிக்க மாட்டேன்."

மிஷின் ஒன்பது முறை கிர்ரென்றது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சீட்டு. ஏறிய இடம் கூத்தலூரணி விலக்கு என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர்ப் பெயர் அச்சில் வந்து இன்றுதான் பார்த்தேன். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஊர்ப் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே டவுன் வரைக்கும் வந்தாள்.

இந்துமதி இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். "தொடுகோடு வந்தா போட்டுருவேன்கா" என்றாள்.

சாயங்காலம் கேள்வித்தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் போன பிறகு நான் எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் வந்தது.

முன்பு ஒரு பக்கத்தில் எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது அம்மாவிடம் சொன்னது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கணக்குப் பரீட்சை அன்று நான் இதே புளியமரத்தடியில் நின்றேன். கை காட்டினேன். அதே ரோஸ் பஸ்தான். பதினொரு மணி பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்துக் கேட்டைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கேள்வி எல்லாம் கஷ்டம், ஒன்றும் எழுதவில்லை என்றேன். பஸ் நிற்கவில்லை என்று சொல்லியிருந்தால், ஆட்டோவுக்குக் கொடுக்கத் தன்னிடம் காசில்லாமல் போனதே என்றுதான் அம்மா நினைத்திருப்பாள். அவளுக்கு அதை வேறு சுமக்க வேண்டாம்.

அன்று நான் ஓரத்தில் நின்றேன். அதுதான் விஷயம்.

ஜூலை 8, செவ்வாய்

நடு ரோட்டில் நின்றேன். பஸ் நின்றது. எட்டுச் சீட்டு.

ஜூலை 10, வியாழன்

வேறு டிரைவர். ஒடித்துக்கொண்டு போகப் பார்த்தார். மதினி அந்தப் பக்கத்தை மறித்து வந்து நின்றாள். பிறகு பெரியம்மா. பிறகு எல்லோரும். ரோடு முழுக்க நாங்கள். பின்னால் வந்த கல் லாரியும் நின்றது. லாரிக்காரர் ஹாரன் அடிக்கவில்லை.

ஜூலை 12, சனி

டிப்போவிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து விலக்கில் நின்று பார்த்துவிட்டுப் போனார். "இங்கதான் தெனமும் ரோட்ட மறிக்கிறீங்களாமே? போலீசுல குடுக்கலாம் தெரியுமா?" என்றார்.

"குடுங்க" என்றேன். "கூத்தலூரணி விலக்குல எட்டுப் பேருன்னு எழுதிக் குடுங்க."

அவர் என் பெயரைக் கேட்டார். முனீஸ்வரி என்று சொன்னேன். இனிஷியலோடு.

பெரியம்மா இதை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அவள் சொல்லும்போது நான் இன்னும் நிறையப் பேசியிருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா கத்தரிக்கோலை இரவல் வாங்கி வந்தாள். நீலக்கட்டம் போட்ட சட்டையை மடியில் விரித்தாள். பிறகு முதுகுப் பக்கத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தாள். சதுரம் சதுரமாக எட்டுத் துண்டு.

"மூக்குல கட்ட நல்ல துணி" என்றாள். "நெடி உள்ள போகாது. ஆளுக்கு ஒண்ணு குடு. ஒன் நெஞ்சும் என் நெஞ்சு மாதிரி ஆயிரக் கூடாது."

அப்பா வந்து கேட்டால் என்ன சொல்வது என்று நான் கேட்கவில்லை.  மிஞ்சிய கைப்பகுதியை ஆட்டுக்குட்டி மென்றது. அம்மா அதைப் பிடுங்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

டைரியில் ஞாயிறு. நிஜத்தில் வேலை நாள்.

எட்டுப் பேரும் கழுத்தில் நீலக்கட்டத் துணியோடு மரத்தடியில் நின்றோம். ஒரே வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதுபோல இருக்கிறது என்று மதினி சிரித்தாள். கறுப்புக் கண்ணாடி டிரைவர்தான் வந்தார். மில் திருப்பத்திலேயே வேகம் குறைவது தெரிந்தது.

யாரும் ரோட்டில் இறங்கவில்லை. யாரும் கை காட்டவில்லை. எட்டுப் பேரும் பார்த்தோம்.

நின்றது. ஏறியதும் டிக்கெட்டுக்கு முதலில் கை நீட்டியது பெரியம்மா.